ஒத்தக்கடை வெயிலில் லெப்பர்டு கெக்கோ

லெப்பர்டு கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட நிலத்துப் பல்லி. பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடக்கும். அந்தி சாய்ந்தால்தான் வெளியே தலைகாட்டும். அதை வளர்க்கச் சொல்லித்தரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. கூண்டை எப்படிச் சூடாக்குவது என்பதுதான் அவர்கள் கவலை. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் மதுரை ஒத்தக்கடையில் அந்தக் கவலை தலைகீழ்.

செய்ய வேண்டியவை

கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். சூடான பக்கத்து ஒளிவிடத்தின் தரை 31 முதல் 33 டிகிரி, எதிர்ப்பக்கம் 25-ஐ ஒட்டி. எங்கே படுப்பது என்பதைப் பல்லி பார்த்துக்கொள்ளும். ஊரை ஒட்டி நிற்கும் யானைமலையில் பகல் வெயிலைக் குடித்த பாறையை இருட்டிய பிறகு தொட்டுப் பாருங்கள், சூடு ஆறியிருக்காது. அதே வேலையைக் கூண்டுக்குள் ஒரு கடப்பா கல் துண்டு செய்யும். பகலில் குறைந்த வாட்ஸ் ஹாலஜன் விளக்கு அதன்மேல் விழுந்தால் போதும். உடம்பில் சூடு ஏறாவிட்டால் தின்ற பூச்சி செரிக்காது.

விளக்கோ, ஹீட் மேட்டோ, தெர்மோஸ்டாட் வழியாகத்தான் மின்சாரம் போக வேண்டும். அதன் உணர்முனை பல்லி படுக்கும் இடத்தில் இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டிவைத்தால் காட்டுவது கண்ணாடியின் சூடு. கோடையில் தெர்மோஸ்டாட் அநேகமாக விழித்துக்கொள்ளவே செய்யாது. அதுதான் சரி. மார்கழி, தை இரவுகளில் 20 டிகிரிக்கு இறங்கினாலும் வளர்ந்த, நோயில்லாத பல்லி தாங்கும்.

கோடைக்குக் கூண்டைக் கீழ்த்தளத்து உள்ளறைக்கு மாற்றுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டைக் காங்கிரீட் நள்ளிரவு வரை இறக்கிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த முனையே 32-ஐத் தாண்டினால், தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துண்டில் சுற்றி, அந்த முனைக் கண்ணாடியை ஒட்டி வெளியே வையுங்கள். பல்லி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் பொறுத்துப் பார்க்க நேரமில்லை, உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.

பகலில் 12 மணி நேரம் வெளிச்சம், இரவில் முழு இருட்டு. இதை டைமரிடம் விட்டுவிடலாம். ஆனால் முள் சுற்றும் பழைய வகை டைமர், பராமரிப்புக்காக காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் நின்றால் அத்தனை மணி நேரமும் பின்தங்கிவிடும். அதைத் திருத்திவைக்க மறந்தால் நள்ளிரவுக்கு மேலும் விளக்கு எரியும்.

செய்யக்கூடாதவை

சிவப்பு, நீல ஜீரோ வாட்ஸ் பல்பை இரவில் போடாதீர்கள். பல்லிக்குச் சிவப்பு தெரியாது என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பி ராத்திரி முழுக்க எரியவிட வேண்டாம். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லீனா ரோத், அல்முட் கெல்பர் இருவரும் ஹெல்மெட் கெக்கோ என்ற இராப் பல்லியைச் சோதித்து 2004-இல் எழுதினார்கள்: நமக்கு நிறமே பிடிபடாத மங்கல் நிலவொளியிலும் அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்தறிந்தது. பல்லியைப் பார்க்க ஆசைப்படுவது நாம்தான். விளக்கு அணைவதற்கு முந்தைய அரைமணியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜன்னல் வெயிலில் கண்ணாடித் தொட்டியை வைக்காதீர்கள். கண்ணாடி புறஊதா பி கதிரைத் தடுத்து, சூட்டை மட்டும் உள்ளே சேர்க்கும்: நன்மை இல்லை, ஆபத்து உண்டு. புறஊதா வேண்டுமானால் குறைந்த வலிமையுள்ள ஊர்வன விளக்கை, இடையில் கண்ணாடி இல்லாமல், ஒளிந்துகொள்ள நிழலும் விட்டுப் பொருத்துங்கள்.

மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறை வேண்டவே வேண்டாம். வயிறு வெந்தாலும் பல்லி சட்டென்று எழுந்து போவதில்லை.

ஏர் கூலர் காற்று நேராகக் கூண்டில் விழ வேண்டாம். வறண்ட நிலத்துப் பிராணிக்கு ஓயாத ஈரம் மூச்சுக் கோளாறைத் தரும். தோலுரிக்க ஒரு மூலையில் கவிழ்த்த மண்பானைத் துண்டும் அதனடியில் ஈரப் பாசியும் போதும்.

யானைமலைப் பல்லியைப் பிடித்து வந்து அடைக்காதீர்கள். வடகிழக்கிலிருந்து கடத்தப்படும் டோக்கே கெக்கோவை யாராவது விலை பேசினாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட இனம்.