பதினைந்து காசு எங்கே போகிறது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வரவு செலவு வாசித்து, உள்கடன் பேசி முடித்ததும் ஒரு அக்கா கேட்டார்: "எங்க முந்திரிக்கொல்லை ஓரத்துல நாலு பலாமரம் நிக்குது. பிஞ்சு விடும்போதே யாபாரி வந்து மொத்தமா பேசிட்டுப் போயிடறாரு. அந்தப் பழம் எங்க போவுது, என்ன விலைக்கு விக்குதுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சாதான் நாம என்ன பண்ண முடியும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அந்த அக்காவின் கேள்விதான் இந்த மாதப் பாடம். பதிலுக்குக் கொஞ்ச தூரம் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

கடல் இல்லாத நாட்டில் வாழைப்பழம்

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து என்று ஒரு சின்ன நாடு. நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நாலு பக்கமும் வேறு நாடுகள், கடற்கரையே கிடையாது. பனி விழும் ஊர், அங்கே வாழைத்தோட்டம் போட முடியாது. ஆனாலும் வருஷம் முழுக்க எல்லாக் கடையிலும் வாழைப்பழம் கிடைக்கும்.

எப்படி வருகிறது? லத்தீன் அமெரிக்க நாடுகளில் காயாகவே தார் வெட்டி, சீப்பு சீப்பாகப் பிரித்துக் கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். கப்பலில் 13, 14 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். குளிர் அதற்கு மேல் அதிகமானால் தோல் கறுத்துப் போகும். குளிர் குறைந்தால் வழியிலேயே பழுத்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து பெல்ஜியம், நெதர்லாந்து போன்ற நாடுகளின் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து தரை வழியாகக் கொண்டு வருகிறார்கள். கடைசியில் மூடிய அறையில் எத்திலீன் வாயு விட்டுச் சில நாளில் பழுக்க வைக்கிறார்கள். நாம் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுகிறோமே, அதே வேலைதான். புகையிலும் அந்த வாயு இருக்கிறது.

இத்தனை கை மாறி, இத்தனை செலவு தாண்டி வரும் பழம் விலை அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் சில பெண்களுக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு கேள்வி, ஒரு கைவண்டி

சுவிட்சர்லாந்தின் கிழக்கே ஃப்ராவென்ஃபெல்ட் என்று ஒரு ஊர். சுற்றிலும் ஆப்பிள் தோட்டம். அந்த ஊரில் சில பெண்கள் கூடிப் பேசுவார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் ஊர்சுலா புரூன்னர். தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையே அந்நாட்டுப் பெண்களுக்கு 1971-ல்தான் கிடைத்தது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையைக் காட்டிய ஒரு ஆவணப்படத்தை அவர்கள் பார்த்தார்கள். மனசில் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. பக்கத்துத் தோட்டத்து ஆப்பிளைவிடக் கடல் கடந்து வரும் வாழைப்பழம் எப்படி மலிவாக இருக்கிறது? அப்படியானால் யாரோ ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அது யார்?

1973-ல் மிக்ரோஸ் என்ற பெரிய அங்காடி வாழைப்பழத்தின் விலையைக் கிலோவுக்கு 15 ராப்பன் குறைத்தது. ராப்பன் என்பது அவர்கள் நாட்டுக் காசு. விலை குறைந்தால் வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம்தானே? இந்தப் பெண்களோ, "எங்களுக்குக் குறைக்க வேண்டாம், அந்த 15 காசை விளைவிக்கிறவர்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அங்காடி ஒத்துக்கொள்ளவில்லை.

அதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. பழத்தை வாங்கிக் கைவண்டியில் வைத்துத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். 15 காசு கூட்டி விற்றார்கள். ஏன் கூடுதல் விலை என்று துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்து, நின்று விளக்கினார்கள். ஊர் அவர்களுக்கு "வாழைப்பழப் பெண்கள்" என்று பேர் வைத்தது.

அடுத்து நடந்தது

1980-களின் நடுவில் நிகராகுவா நாட்டு வாழைப்பழத்தைத் தங்கள் நாட்டுக்கு வரவழைத்து விற்கும் முயற்சியிலும் இறங்கினார்கள். 1985-ல் அமெரிக்கா அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியிருந்தது. அதனால் அங்குள்ளவர்களுக்கு வேறு சந்தை தேவைப்பட்டது. 1988-ல் நியாயமான வாழைப்பழ வியாபாரத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1992-ல் அந்நாட்டின் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து மாக்ஸ் ஹாவலார் என்ற நியாய வணிக முத்திரையைக் கொண்டு வந்தன. 1997-ல் அந்த முத்திரை குத்திய வாழைப்பழம் பெரிய அங்காடிகளுக்கே வந்துவிட்டது. முதலில் மறுத்த அதே மிக்ரோஸும் விற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 வருஷம்!

இந்த முத்திரையில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, விளைவிக்கிறவருக்கு இதற்குக் கீழே தரக்கூடாது என்று ஒரு அடிமட்ட விலை. இன்னொன்று, 18.14 கிலோ கொண்ட பெட்டி ஒன்றுக்கு 1 டாலர் பொது நிதி. அந்த நிதியைப் பள்ளிக்கூடத்துக்கா, குடிதண்ணிக்கா, வீட்டுக்கா, எதற்குச் செலவு செய்வது என்பதை விவசாயிகளோ தொழிலாளர்களோ கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். நம் குழுவின் பொது நிதி மாதிரியேதான். எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. விலையைக் குறைக்கச் சொல்லும் நெருக்கடி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்வியை இனி யாரும் மறைக்க முடியாது.

நம்ம கொல்லைக்கு வருவோம்

"அப்படின்னா நம்ம பலாப்பழத்தையும் அங்க அனுப்பலாமா?" என்று கேட்பீர்கள். 2020 முதல் அந்த நாட்டுக்குள் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் தவிர வேறு எந்தப் புதுப் பழம் போனாலும் பூச்சி நோய் இல்லை என்ற தாவர நலச் சான்று வேண்டும். ஒரு குழு தனியாகச் செய்கிற வேலை இல்லை அது. நமக்கு முதல் வேலை பக்கத்திலேயே இருக்கிறது.

பிஞ்சிலேயே ஏன் பேசிவிடுகிறோம்? பெரும்பாலும் முன்பணத்துக்காக. பள்ளிக்கூடச் செலவு, வைத்தியச் செலவு, வீட்டு விசேஷம் என்று அந்த நேரத்தில் கையில் காசு இருக்காது. அவசரத்தில் பேசுகிற விலை நம் விலையாக இருக்காது. அந்த அவசரத்துக்குக் குழுவில் உள்கடன் வாங்கி, பழம் முற்றிய பிறகு விற்றால் பேரம் பேசும் பலம் நம் கைக்கு வரும்.

வியாபாரியையும் குறை மட்டும் சொல்ல வேண்டாம். பிஞ்சு உதிர்ந்தாலும் காற்றில் மரம் சாய்ந்தாலும் நஷ்டம் அவருக்குத்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்தன என்று நாம் பார்த்தோம். ஆகவே எல்லா மரத்தையும் ஒரே வருஷத்தில் நிறுத்தி வைக்க வேண்டாம். நாலு மரம் இருந்தால் முதலில் ஒரு மரத்தை விட்டு வைத்துப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. பலா, முந்திரி வைத்திருக்கும் உறுப்பினர்கள், எத்தனை மரம், போன வருஷம் எவ்வளவுக்குப் பேசினோம், முன்பணம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள்.

2. விலை பேசுவதற்கு முன்னால் மரத்தில் காயை எண்ணுங்கள்.

3. சீசனில் இரண்டு பேர் பண்ருட்டி மண்டிக்கு நேரில் போய் அன்றைய விலையைக் கேட்டு வந்து கூட்டத்தில் சொல்லுங்கள். பஸ் செலவை யார் ஏற்பது என்று தீர்மானம் போடுங்கள்.

4. மரத்தடி விலை, மண்டி விலை, கடை விலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகையைக் கழியுங்கள். மிச்சம் யாரிடம் நிற்கிறது?

"தெரிஞ்சாதான் நாம என்ன பண்ண முடியும்?" என்று கேட்ட அந்த அக்காவுக்கு இப்போது பதில் சொல்கிறேன். அக்கா, அந்தப் பெண்களுக்கும் ஆரம்பத்தில் 15 காசு என்ற ஒரு கணக்குதான் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கைவண்டியைத் தெருவுக்கு இழுத்தார்கள். உங்கள் நாலு மரத்துக் கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.