செவ்வாய் காத்திருக்குமா?



அக்டோபர் முதல் நாள், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்குப் பிறந்த நாள். 1958-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் அது தன் பணியைத் தொடங்கியது. 2013-இல் அதற்கு 55 வயது நிறைந்தது. அன்று அதன் ஊழியர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? “வேலையை நிறுத்திவிட்டு வீட்டிற்குச் செல்லுங்கள்” என்ற உத்தரவு! நூற்றுக்கு 97 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். அதே நாளில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களின் கதவுகளும் மூடப்பட்டன.

நில நடுக்கமா? இல்லை. போரா? அதுவும் இல்லை. கருவூலத்தில் பணமும் இருந்தது. பின் ஏன் இந்த நிலை?

பூட்டுப் போட்டது யார்?

அமெரிக்காவில் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்திற்குக் காங்கிரஸ் என்று பெயர். காங்கிரஸ் சட்டம் இயற்றி ஒதுக்கினாலன்றிக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் விதி. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை மேலும் இறுக்கியது. ஒதுக்கீடு இல்லாதபோது அரசு ஊழியர் விரும்பினாலும் இலவசமாகக்கூட வேலை செய்யக் கூடாது! 1980-இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, இச்சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும் என்று கருத்துரைத்தார். அதன் பிறகே, நிதி மசோதா நிறைவேறாவிட்டால் அலுவலகங்களை மூடும் வழக்கம் வந்தது.

2013-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய தகராறில் இரு அவைகளும் உடன்படவில்லை. எனவே 16 நாட்கள் அரசின் பல துறைகள் முடங்கின.

சட்டத்தில் ஒரே ஒரு சன்னல் உண்டு. மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து நேரும் நிலையில் பணி தொடரலாம். அப்போது பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆறு பேர் இருந்தனர். அவர்களில் இருவர் அமெரிக்கர். அவர்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் இயங்கியது. விண்ணில் ஏற்கனவே பறந்துகொண்டிருந்த கலங்களையும் சிலர் காவல் காத்தனர். ஆனால் இன்னும் தரையை விட்டுக் கிளம்பாத கலத்தின் கதி என்ன?

செவ்வாய்க்கு ஒரு கணக்கு

அவ்வேளையில் ஃப்ளோரிடாவில் மேவன் என்ற விண்கலம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. செவ்வாய்க் கோள் தன் காற்று மண்டலத்தை எவ்வாறு இழந்தது என்று ஆராய்வது அதன் நோக்கம். அது நவம்பர் 18-க்கும் டிசம்பர் 7-க்கும் இடையில் கிளம்பியாக வேண்டும். தவறினால் 2016 வரை காத்திருக்க வேண்டும். ஏன் அப்படி?

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். பூமி சூரியனை ஒருமுறை சுற்ற 365¼ நாட்கள் ஆகின்றன. எனவே அது நாளொன்றுக்கு 360 ÷ 365¼, அதாவது சுமார் 0.986 பாகை நகர்கிறது. செவ்வாய்க்கு 687 நாட்கள். அது நாளொன்றுக்கு 0.524 பாகையே நகர்கிறது. ஆக, பூமி தினமும் 0.462 பாகை முந்துகிறது. வட்டமான ஓடுதளத்தில் வேகமாக ஓடுபவன் மெதுவாக ஓடுபவனை மீண்டும் எட்டிப் பிடிப்பது போல, பூமி ஒரு முழுச் சுற்று முந்தினால்தான் பழைய அமைப்புத் திரும்பும். 360-ஐ 0.462-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 780 நாட்கள், அதாவது 26 மாதங்கள்! குறைந்த எரிபொருளில் செவ்வாய்க்குச் செல்ல இந்த வாய்ப்பு வரும்போதே புறப்பட வேண்டும். இது எந்தச் சட்டமன்றமும் திருத்த முடியாத சட்டம்.

அக்டோபர் 1-இல் மேவன் வேலை நின்றது. அக்டோபர் 3-இல் விலக்கு அளிக்கப்பட்டது. காரணம்தான் வியப்பானது. மேவனின் ஆராய்ச்சி முக்கியம் என்பதற்காக அன்று! செவ்வாயின் தரையில் அப்போது க்யூரியாசிட்டி, ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரு ஊர்திகள் இருந்தன. அவற்றின் செய்திகளைப் பூமிக்கு அஞ்சல் செய்த கலங்கள் பழையவையாகிவிட்டன. மேவனிலும் அஞ்சல் கருவி இருந்தது. அது போகாவிட்டால் அந்த ஊர்திகளாகிய உடைமைக்கு ஆபத்து என்று வாதிட்டனர். அந்தச் சன்னல் வழியே மேவன் தப்பியது.

நவம்பர் 18-இல் அது புறப்பட்டது. அதே வாய்ப்பைப் பயன்படுத்தி நம் மங்கள்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நவம்பர் 5-இல் கிளம்பியிருந்தது. மங்கள்யானுக்கு நாசாவின் பெரிய அலைவாங்கிகள் உதவ வேண்டியிருந்தது. முடக்கத்தால் அந்த உதவி தடைப்படாது என்று அக்டோபரிலேயே உறுதி கிடைத்தது. 2014 செப்டம்பரில் இரு கலங்களும் இரண்டு நாள் இடைவெளியில் செவ்வாயை அடைந்தன. செவ்வாயிலிருந்து விநாடிக்குச் சுமார் 100 கிராம் காற்று விண்ணுக்குக் கசிகிறது என்று 2015-இல் மேவன் விஞ்ஞானிகள் அறிவித்தனர். இரண்டு நாள் நிறுத்தம் இரண்டு மாதமாகியிருந்தால் இந்த அறிவு நமக்கு அப்போது கிடைத்திராது.

பூட்டிய கதவுக்குப் பின்னே

அருங்காட்சியகத்திற்கும் கோள்களைப் போல நாள் குறிப்பு உண்டா? உண்டு. 1995 நவம்பரில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் 21 ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. அவர் வரைந்தவையாக இன்று இருப்பவையே சுமார் 35தான். பல நாடுகளிலிருந்து இரவல் வாங்கப்பட்ட அவை, 1996 பிப்ரவரிக்குப் பின் ஹாலந்துக்குச் சென்றாக வேண்டும். இடையில் அரசு முடங்கியது, கூடமும் மூடியது. பின்னர்த் தனியார் நிதியைக் கொண்டு அந்தக் காட்சியை மட்டும் சில நாட்கள் திறந்தனர். இழந்த நாட்கள் இழந்தவையே.

கதவு மூடினாலும் உள்ளே எல்லாம் நின்றுவிடுவதில்லை. காவலர் வேண்டும்; பழம்பொருள்கள் கெடாதபடி வெப்பமும் ஈரமும் சீராக இருக்க வேண்டும். 2013-இல் ஸ்மித்சோனியன் உயிரியல் பூங்காவில் பிறந்து ஆறு வாரமே ஆன பாண்டாக் குட்டி ஒன்று இருந்தது. அதை உலகத்தார் வீட்டிலிருந்தே காண உதவிய காமிராவை நிறுத்திவிட்டனர். ஆனால் விலங்குகளுக்கு உணவு நிற்கவில்லை.

எது திரும்ப வரும்?

2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாட்கள் நீடித்தது. 2025-இல் நிகழ்ந்தது 43 நாட்கள். அதுவரை நிகழ்ந்தவற்றில் அதுவே நீண்டது. 2019 ஜனவரி முதல் நாள், முடக்கத்தின் நடுவிலேயே, நியூ ஹொரைசன்ஸ் கலம் அரோகோத் என்ற தொலைதூரச் சிறு பொருளைக் கடந்து பறந்தது. 2006-இல் புறப்பட்ட கலத்தை “சற்று நில்” என்று சொல்ல இயலுமா?

முடக்கம் தீர்ந்ததும் அரசு ஊழியருக்கு விடுபட்ட சம்பளம் கிடைத்தது. ஆனால் 2019-இல் ஒப்பந்தத்தில் பணியாற்றிய துப்புரவாளர், காவலர் பலருக்கு அந்த நாட்களின் கூலி கிடைக்கவே இல்லை. அளக்கத் தவறிய ஒரு நாளின் அளவீடும் அப்படித்தான். பணத்தைப் பின்னால் கொடுத்துவிடலாம். நாளைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கருவூலத்தாலும் முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்: வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 4,333 நாட்கள் ஆகின்றன. அங்கே செல்லும் வாய்ப்பு எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வரும்? (விடை: சுமார் 399 நாட்கள்.) செவ்வாய்ப் பயணத்தைவிட இது ஏன் அடிக்கடி வருகிறது என்று யோசியுங்கள்.