அடுப்பு பற்றவில்லையா? பதறாதீங்க, படிப்படியாகப் பாருங்க

காலை ஆறரை மணி. யானைக்கவுனியில் ஒரு சந்து வீடு. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து குமிழைத் திருப்புறீங்க. ‘டிக் டிக்’ சத்தம் வருது, தீ மட்டும் வரலை. மறுபடியும் திருப்புறீங்க, மறுபடியும் ‘டிக் டிக்’. குழந்தைக்குப் பள்ளிக்கூட நேரம் ஆகுது. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் நாம் செய்வது, குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான். தப்பு அங்கேதான் ஆரம்பிக்குது. தீ பிடிக்காத ஒவ்வொரு விநாடியும் எரிவாயு வெளியே வந்துகொண்டிருக்கும். ஐந்து விநாடிக்குள் பற்றவில்லை என்றால் குமிழை மூடுங்கள். ஜன்னலைத் திறந்து, ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள்.

கவுனி என்றால் வாயில். பழைய சென்னையின் மதில் சுவரில் இருந்த வாயில் ஒன்றின் பெயர்தான் இந்தப் பகுதிக்கு நிலைத்துவிட்டது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், குறுகிய சந்துகள், பழைய வயரிங். ஒரு வீட்டில் நடக்கும் சின்னத் தவறு பக்கத்து வீட்டையும் பாதிக்கும். அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் மூக்கு, பிறகுதான் கை

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும்.

நாற்றம் வந்தால் செய்ய வேண்டியவை:

1. எந்த மின் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலுமே பொறி வரும்.
2. அடுப்புக் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சாமி விளக்கு, ஊதுவத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள்.
3. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள்.
4. வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எரிவாயுக் கசிவுக்கான இந்த எண் நாடு முழுவதும் 24 மணி நேரமும் இயங்குகிறது. தீ பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

நாற்றம் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குப் போகலாம்.

லைட்டர் சோதனை

எந்த அடுப்பானாலும் எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, பொறி. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் மரத்தூள் கட்டி அடுப்புக்கும் இதே கணக்குதான். நம் வீட்டு அடுப்பில் எது குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண கேஸ் லைட்டரால் பற்றவைத்துப் பாருங்கள். நன்றாகப் பற்றினால் எரிவாயு சரியாக வருகிறது, பொறியில்தான் கோளாறு. லைட்டருக்கும் பற்றவில்லையா? எரிவாயு வரும் வழியில் கோளாறு.

பொறி வரவில்லை என்றால்

தானாகப் பற்றும் அடுப்புகளில் இரண்டு வகை உண்டு. குமிழைத் திருப்பும்போது ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் அது பேட்டரி இல்லாத வகை. உள்ளே ஒரு சிறு சுத்தி, படிகம் ஒன்றைத் தட்டி மின்சாரம் உண்டாக்கும். ‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ந்து கேட்டால் அது பேட்டரியில் ஓடும் வகை.

பேட்டரி அடுப்பில் இப்படிப் பாருங்கள்:

• எந்தப் பர்னரிலும் சத்தமே இல்லை: பேட்டரி தீர்ந்திருக்கும். புதிதாகப் போடுங்கள். பேட்டரி பெட்டியின் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். துறைமுகப் பக்கம் உப்புக்காற்று அதிகம், உலோக முனைகள் சீக்கிரம் அரிக்கும்.

• ஒரு பர்னரில் மட்டும் பொறி இல்லை: பேட்டரி மேல் பழி போடாதீர்கள். அந்தப் பர்னரின் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் முனையைப் பாருங்கள். பால் பொங்கி வழிந்து காய்ந்திருக்கும், அல்லது கழுவிய ஈரம் இருக்கும். அடுப்பு ஆறிய பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து நன்றாக உலரவிடுங்கள்.

• பீங்கானில் விரிசல் இருந்தால் பொறி வேறு பக்கம் தாவிவிடும். அதை ஒட்டவைக்க முயலாதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

• பொறி வருது, தீயும் வருது, கையை எடுத்ததும் அணையுதா? சுடரின் சூட்டை உணரும் பாதுகாப்புக் கம்பி சில அடுப்புகளில் உண்டு. அதில் கரி படிந்தால் அடுப்பு தானாக அணையும். துடைத்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லாதீர்கள். அது உங்கள் காவல்காரன்.

எரிவாயு வரவில்லை என்றால்

சிலிண்டர் காலியா, ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பர்னர் மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் பற்றாது. ஓட்டைகளை ஊசியால் சுத்தம் செய்யலாம். கசிவுச் சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது வேண்டவே வேண்டாம். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், விரிசல் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பு வைத்திருக்கிறீர்களா?

2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டினால் வயர் சூடாகி உருகும். மூன்று முனை உள்ள 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும், எர்த்தும் இருக்க வேண்டும்.

‘பீப்’ சத்தத்தோடு நின்றுவிட்டால் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் வேலை செய்யாது. கொஞ்ச நேரம் ஓடி நின்றால் அடியில் உள்ள காற்றாடித் துளை அடைத்திருக்கலாம். சூட்டைத் தேடிப் போகும் கரப்பான்பூச்சி உள்ளே புகுந்து பலகையைக் கெடுப்பதும் உண்டு. ஆனால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில பாகங்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

சுவிட்ச் விழுந்தால் அது சொல்லும் சேதி

எம்.சி.பி. விழுந்தால் சுமை அதிகம், அல்லது வயர் ஒன்றோடொன்று பட்டிருக்கிறது. ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ மின்கசிவு. வீடுகளில் வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டித்து உயிரைக் காப்பாற்றும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதை மேலே தள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. எதையும் மாட்டாமலே விழுந்தால் சுவர் வயரிங்கில் கோளாறு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வரவேண்டும். ‘அடிக்கடி விழுது’ என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வயர் இழுப்பது, ஃபியூஸில் தடித்த செம்புக் கம்பி போடுவது இரண்டும் ஆபத்து.

மீட்டர், தெருக் கம்பம், மின்னழுத்தம் தொடர்பான புகாருக்கு மின்னகம்: 94987 94987.

வாடகை வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடு இருக்கிறது. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், வீட்டுச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். இதற்காக நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுச் சேத இழப்பீடு, இணைப்பில் பதிவான முகவரிக்குத்தான். வீடு மாறியும் பழைய முகவரியிலேயே இணைப்பு இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். இந்த வாரமே ஏஜென்சியில் முகவரியை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1906, 94987 94987 இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால், அவசரத்தில் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அது கிடைக்காது.