கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் பொருட்காட்சிசாலைகள்: குடும்பத்தோடு காணும் முறை

பொருட்காட்சிசாலையைக் காண்பதற்கும் ஒரு முறை வேண்டுமோ என்று நம் மாணவருட் சிலர் நகைத்தல் கூடும். தனியே செல்பவனுக்கு வேண்டுவதில்லை. அவன் கால்போன போக்கில் திரிந்து, பசித்தபோது உண்டு, சலித்தபோது இருப்பிடம் திரும்புவான். முதியோரும் சிறாரும் உடன்வர, அதுவும் குளிர்மிக்க டிசம்பர் மாதத்தில், லண்டன் போன்ற பழம்பெரு நகருக்குச் செல்பவனுக்கோ முறை இன்றியமையாதது. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் கல்வியின்பொருட்டும் தொழிலின்பொருட்டும் அந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர் வாழ்நாளில் ஒருமுறையே அங்குச் சென்றுவருதல் இயல்பு. அப்பயணமும் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே வாய்க்கின்றது. யாம் முதலாண்டில் பத்து வயதுடைய எம் மகனோடு சென்று இடர்ப்பட்டும், மறுமுறை எம் அன்னையாரையும் உடனழைத்துச் சென்று ஒருவாறு தேறியும் அறிந்தவற்றை, அன்னோர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் அறியவேண்டுவது நாட்கணக்கு. விடுமுறை நாளன்றே காட்சிசாலைகளிற் கூட்டம் நிறைதல் நம் நாட்டு வழக்கம். அவ்வெண்ணத்தோடு யாம் முதலாண்டில் டிசம்பர் 26-ந் தேதி காலையில் மைந்தனைக் கைப்பிடித்துக்கொண்டு, பனி பெய்யும் வீதியில் அரைமணி நேரம் நடந்து, பூட்டிய இரும்புக் கதவின்முன் போய் நின்றோம். எம்மைப்போலவே வேற்று நாட்டினர் பத்துப் பன்னிருவர் அங்கு நின்று ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர். குற்றம் எம்முடையதே. பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலை, விக்டோரியா–ஆல்பர்ட் பொருட்காட்சிசாலை, இயற்கைப் பொருட்காட்சிசாலை, தேசிய ஓவியக்கூடம் ஆகிய நான்கும் டிசம்பர் 24, 25, 26 ஆகிய மூன்று நாட்களிலும் மூடப்படுவன. தேசிய ஓவியக்கூடம் ஜனவரி முதல் நாளிலும் திறவாது. 25-ந் தேதியன்று பாதாள ரயிலும் பஸ்ஸும் ஓடுவதில்லை. இங்கிருந்து புறப்படுவோர் டிசம்பர் 20-ந் தேதிக்குள் அந்நகரைச் சேர்ந்து, மூடுவதற்கு முன்னர் இரண்டொரு நாளும், 27-ந் தேதிக்குப் பின்னர் நான்கு நாளும் காட்சிகளுக்கென ஒதுக்குவாராயின் ஏமாற்றம் இராது. ஆயினும் அவ்வாண்டின் நாட்களை அந்தந்தச் சாலையின் இணையதளத்திற் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

பகற்பொழுதின் குறுக்கத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அம்மாதக் கடைசியில் அங்குக் காலை எட்டு மணிக்கே விடிகின்றது. பிற்பகல் நான்கு மணிக்குள் கதிரவன் மறைகின்றான். ஆதலின், தேம்ஸ் நதியின் பாலங்கள், மாளிகைகள் முதலிய புறக்காட்சிகளைக் காலைப்பொழுதிலும், கூரையின்கீழுள்ள காட்சிகளைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளல் தகும். வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் சாலையும் ஓவியக்கூடமும் விக்டோரியா–ஆல்பர்ட் சாலையும் இரவிலும் திறந்திருப்பதுண்டு.

கிறிஸ்துமஸ் நாளன்று யாது செய்வது? வண்டிகள் இல்லாமையால் நடந்தே செல்லுதற்குரிய இடத்தில் தங்கவேண்டும். யாம் மறுமுறை புளூம்ஸ்பரிப் பகுதியில் அறை எடுத்தமைக்கு அதுவே காரணம். காலையில் ஆலயம் சென்று மீண்டபின், ஓசையடங்கிய வீதிகளில் உலாவுவதே அன்றைக் காட்சி. அப்பகுதியிலேயே, டவுட்டி வீதி 48-ஆம் எண்ணில், சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை குடியிருந்த இல்லம் உளது. 1925-ஆம் ஆண்டு முதல் அது பொருட்காட்சிசாலையாக விளங்குகின்றது. திறந்திருக்கும் நாட்களில் கட்டணம் செலுத்திக் காணலாம். அவருடைய கிறிஸ்துமஸ் கதை அங்கெழுதப்பட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவர் அவ்வில்லத்தை விட்டு நீங்கியபின் எழுதப்பட்டு, 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி வெளிவந்தது. கையெழுத்துப் பிரதியோ கடல் கடந்து நியூயார்க்கிலுள்ள மார்கன் நூலகத்தில் இருக்கின்றது.

அடுத்து, எத்தனை பொருள்களைக் காண்பது என்னும் கேள்வி. இதிலேதான் குடும்பங்கள் பெரிதும் தவறுகின்றன. ‘இவ்வளவு செலவு செய்து வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்’ என்னும் ஆசையால் முற்பகலில் ஒரு சாலை, பிற்பகலில் ஒரு சாலை என்று ஓடி, மாலையில் சிறுவன் அழ, முதியவர் முழங்காலைத் தடவிக்கொண்டு வாய்பேசாதிருக்க, யாவரும் சினந்து திரும்புவர். யாம் பரிந்துரைப்பது, நாளொன்றுக்கு ஒரே சாலை; அச்சாலையிலும் இரண்டு மணி நேரம்; அதற்குள்ளும் ஒவ்வொருவரும் முன்னரே தெரிந்துகொண்ட ஒரு பொருள். இது சோம்பலுக்குக் கூறும் சாக்கென நினைப்பார்க்கு, அந்நகரின் வரலாற்றிலிருந்தே ஒரு செய்தி கூறுவோம்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சித் தேசிய ஓவியக்கூடத்தின் படங்கள் யாவும் லண்டனைவிட்டு அகற்றப்பட்டன. 1941-ஆம் ஆண்டில் அவை வேல்ஸ் நாட்டின் வடபால் மானோடு என்னும் மலையிலுள்ள சிலேட்டுக்கல் சுரங்கத்துட் கொண்டுபோய் வைக்கப்பட்டன. கூடம் வெறுஞ்சுவராயிற்று. மைரா ஹெஸ் என்னும் அம்மையார் 1939-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் அவ்வெறுங்கூடத்தில் நண்பகல் இசையரங்குகளை நடத்திவந்தார். இசை மட்டும் போதாது, ஒரு படமேனும் காணவேண்டும் என்று மக்கள் விழைந்தமையால், 1942-ஆம் ஆண்டில் மாதத்திற்கு ஒரு படமாகச் சுரங்கத்திலிருந்து வரவழைத்துக் காட்டலாயினர். முதற்படம், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை மகதலேனா மரியாள் தோட்டத்திற் கண்ட காட்சியை டிஷியன் வரைந்தது. இடிந்த வீதிகளைக் கடந்து, அந்த ஒன்றைக் காணவே மக்கள் திரண்டு வந்தனர். ஒரு படம் அவர்க்குப் போதுமானதாயிருந்தது.

அவ்வோவியக்கூடத்திலேயே யாம் எம் மகனுக்கென ஒரு படத்தைத் தெரிந்து வைத்தோம். கீர்த்கன் என்னும் டச்சு ஓவியர் 1490-ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த இரவுப் பிறப்புக் காட்சி அது. உயரம் 34 சென்டிமீட்டர், அகலம் 25 சென்டிமீட்டர். நம் பள்ளிச் சிறார் எழுதும் சிலேட்டுப் பலகையினும் சிறிது பெரிதாகலாம். தீபம் ஒன்றும் அருகில் இல்லாதிருக்க, முன்னணையிற் கிடக்கும் பாலனிடமிருந்தே ஒளி புறப்பட்டு, குனிந்து நோக்கும் மரியாளின் முகத்திலும் தேவதூதரின் முகங்களிலும் படுகின்றது. ‘வெளிச்சம் எங்கிருந்து வருகின்றதென்று கண்டுபிடி’ என்று மட்டும் கூறி அவனை விட்டோம். அவன் கால்மணி நேரம் அசையாது நின்றான். பிற படங்களுக்கு அழைத்தபோது, வேண்டாம் என்றான். இத்தகைய சிறு படங்கள் சிற்சில காலங்களில் அகற்றப்படுதல் உண்டாதலின், காட்சியில் உளதா என்பதை விசாரித்துச் செல்க. வெளியே வரின், டிரபால்கர் சதுக்கத்தில் ஓங்கி நிற்கும் மரத்தையும் காணலாம். போர்க்காலத்து உதவிக்கு நன்றியாக, 1947-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் நார்வே நாட்டு ஆஸ்லோ நகரத்தார் அனுப்பும் மரம் அது.

தென் கென்சிங்டன் பகுதியில் மூன்று பெருஞ்சாலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து அவற்றிற்குச் செல்ல 1885-ஆம் ஆண்டில் அமைத்த சுரங்கப்பாதை ஒன்று உண்டு, மழைக்கு நல்லது, ஆனால் நிலையத்திற் படிகள் மிகுதி. எம் அன்னையாருக்கு ஏறுவதற்கு எளிய, தாழ்ந்த தளமுடைய பஸ்ஸே உதவிற்று. சக்கர நாற்காலி இரவல் தருவாரா என்பதையும் முன்னரே கேட்டறியலாம். கேட்பதற்கு நாணுவோர் நம்மவரே.

அங்குள்ள விக்டோரியா–ஆல்பர்ட் சாலைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு தொடர்பு உண்டென்பதைப் பலர் அறியார். 1857-ஆம் ஆண்டில் தென் கென்சிங்டன் சாலை என்னும் பெயரோடு திறக்கப்பட்ட அதன் முதல் தலைவர் ஹென்றி கோல் என்பவர். 1840-இல் ஒரு பென்னித் தபால் முறை ஏற்பட்டபோது அதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். நண்பர் அனைவர்க்கும் தனித்தனியே வாழ்த்துக் கடிதம் எழுத நேரமின்மையால், 1843-ஆம் ஆண்டில் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக்கொண்டு ஒரு படம் வரைவித்து, ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். எஞ்சியவை ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. வர்த்தகத்தில் வெளிவந்த முதற் கிறிஸ்துமஸ் வாழ்த்துச்சீட்டு அதுவே. டிக்கன்ஸின் கதை வெளிவந்த ஆண்டும் அதுவே என்பதை நோக்குக. படத்தின் நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கின்றது. இருபுறத்தும் ஏழைகளுக்கு உணவும் உடையும் ஈயப்படுகின்றன. குடும்பத்திலுள்ள சிறு குழந்தைக்கும் திராட்சமது புகட்டுவதுபோல் வரைந்தமையால் மதுவிலக்காளர் சினந்தனர். சங்கங்களிற் பேசும் நம் மாணவர்க்கு இதுவும் ஒரு செய்தி.

இக்கோல் என்பவரே, பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளர் மாலையில் வந்து காணுமாறு வாயு விளக்குகளை ஏற்றுவித்தவர். வந்தோர் பசியாற உண்டிச்சாலையையும் உள்ளேயே அமைத்தவர். பொருட்காட்சிசாலைகளுள் அவ்வாறமைத்தது அதுவே முதலாவதென்பர். அவ்வறைகளுள் ஒன்றை அணிசெய்தவர் வில்லியம் மாரிஸ். பயணத்திட்டத்தில் உணவுக்கு இடம் வைக்கத் தவறுவோர் அவ்வறையில் அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவாராக.

சிறாருக்கு அங்குச் சீரங்கப்பட்டணத்திலிருந்து 1799-ஆம் ஆண்டிற் கவர்ந்து செல்லப்பட்ட திப்பு சுல்தானின் மரப்புலி உளது. வெள்ளையன் ஒருவனை வீழ்த்தி நிற்கும் அப்புலியின் வயிற்றில் இசைக்கருவி பொருத்தப்பட்டிருக்கின்றது. எதிரேயுள்ள இயற்கைப் பொருட்காட்சிசாலையிலோ, 1891-ஆம் ஆண்டில் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, 25 மீட்டர் நீளத்தது, 2017 முதல் நடுமண்டபத்தின் மேலே தொங்குகின்றது. விடுமுறையில் அங்குக் கூட்டம் பெரிது. நுழைவு இலவசமேயாயினும் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுதல் நலம்.

இனி எம் அன்னையாரின் பொருள். பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் ரோஸெட்டாக் கல்லைச் சூழ்ந்து கூட்டம் நிற்கும். நம்மவர் காணவேண்டுவது வேறோர் அறையில், கண்ணாடியின் பின்னே நிற்கும் அமராவதிச் சிற்பங்களை. கிருஷ்ணை நதிக்கரையில், குண்டூர்ச் சீமையில் இருந்த பௌத்தத் தூபத்தின் சுண்ணக்கற்கள் அவை. சர் வால்டர் எலியட் 1845-ஆம் ஆண்டில் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை 1859-ஆம் ஆண்டில் லண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. அங்கு வைப்பதற்கு இடமின்றிச் சில காலம் ஒரு வண்டிக்கொட்டிலிற் கிடந்தனவற்றைப் பெர்கூசன் என்னும் அறிஞர் கண்டெடுத்தார்; 1880-இல் இச்சாலையைச் சேர்ந்தன. அமராவதியின் மற்றொரு பெரும்பகுதி எழும்பூரில் உளது.

எம் அன்னையார் பள்ளிச் சிறுமியாயிருந்தபோது, சென்னைக்கு வந்து எழும்பூர்ச் சாலையைக் கண்டவர். பாமர மக்கள் வழங்கும் ‘செத்த காலேஜ்’ என்னும் பெயராலேயே அதனை இன்றும் குறிப்பார். அவ்வறையில் ஒரு பலகையில் அமர்ந்து, வட்டமாகச் செதுக்கிய தாமரை ஒன்றை நெடுநேரம் நோக்கியிருந்து, “இதோட சோடி அங்க இருக்குய்யா, நான் பார்த்திருக்கேன்” என்றார்.

“ரெண்டையும் ஏன் ஒரே இடத்துல வைக்கல, ஆச்சி?” என்று சிறுவன் வினவினான்.

“கொண்டுவந்தவனைத்தான் கேக்கணும்” என்று கூறி, அவர் எம்மை நோக்கினார். கல்லூரியில் வரலாறு பயின்ற யாம் எலியட்டின் பெயரையும் கப்பலேறிய ஆண்டையும் கூறினோம். அவன் கேட்டது அதுவன்று.

மறுநாள் மூவரும் திமிங்கிலத்தைக் காண்பதென்று குறிப்பேட்டில் எழுதியிருந்தோம். அன்றிரவு அன்னையார், தாம் மட்டும் அத்தாமரையிடம் மீண்டும் செல்ல விரும்புவதாகச் சொன்னார். எழுதியதை அடித்துவிட்டு, காலை பத்து மணிக்கு அவரை அவ்வறையிற் கொண்டுபோய் அமர்த்தி, சிறுவனோடு திமிங்கிலத்திற்குச் சென்று, ஒரு மணிக்கெல்லாம் திரும்பி வந்தோம். அவர் அவ்விடத்திலேயே அமர்ந்திருந்தார்; அருகில் அமர்ந்திருந்த ஆங்கிலக் கிழவி ஒருத்திக்கு, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எழும்பூருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.