கடலில் மிதவை, வயலுக்கு முன்னறிவிப்பு

ஐப்பசியில் மேலுரம் இட்ட மறுநாளே அடைமழை பிடித்து, யூரியா வாய்க்காலோடு கரைந்து போனதைக் கண்டு வருந்தாத நெல் விவசாயிகள் நம்மிடையே குறைவு. இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்திருந்தால் உரம் மிஞ்சியிருக்கும்.

தமிழ்நாடு ஆண்டில் பெறும் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையாகும். அதற்கு வேண்டிய நீராவியைப் பெரும்பாலும் வங்கக் கடல் தருகிறது. எனவே மழையை முன்னறிய, கடலின் நிலையையும் அளக்க வேண்டும். இதற்குப் பயன்படுவதே நங்கூர மிதவை.

மிதவையின் அமைப்பு

நடுக்கடலில் மிதக்கும் பெரிய வட்டத் தொட்டி போன்றது இது. நீண்ட கயிற்றால் கடலடியிலுள்ள கனமான எடையுடன் கட்டப்பட்டிருப்பதால் இடம் பெயர்ந்து போகாது. இதன் கம்பத்தில் காற்றின் வேகம், திசை, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் உள்ளன. நீருக்குள் பல ஆழங்களில் வெப்பமும் உப்புத்தன்மையும் அளக்கப்படுகின்றன. சூரிய ஒளியால் மின்கலம் ஏற்றப்படுகிறது. அளவுகள் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வருகின்றன. 1993-இல் தொடங்கப்பட்ட சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய மிதவைகளைப் பராமரிக்கிறது.

கடலும் காற்றும்

ஈர நெல்லைக் களத்தில் பரப்பினால் காற்று வீசும் நாளில் விரைவில் உலர்கிறது. மூட்டமான நாளில் தாமதமாகிறது. கடல்நீர் ஆவியாவதும் இவ்வாறே. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் தேவை. நீராவி மேலே சென்று மேகமாகும்போது அந்த வெப்பம் வெளிப்படுகிறது. புயலுக்கு வலுவூட்டுவது இதுவே. மிதவை தரும் காற்று, வெப்பம், ஈரப்பத அளவுகளைக் கொண்டு கடல் எவ்வளவு நீராவி தருகிறது எனக் கணக்கிடலாம்.

ஆழத்தை ஏன் அளக்க வேண்டும்?

மேல்மண் காய்ந்திருந்தாலும் தோண்டிப் பார்த்தால்தான் வேர்ப்பகுதியின் ஈரம் தெரியும். செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பு வெப்பத்தை மட்டுமே காட்டும். மிதவையோ ஆழத்தையும் அளக்கிறது. பொதுவாகப் புயல் உருவாக மேற்பரப்பு வெப்பம் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். புயல் கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்தால் புயல் வலுக் குறையும். வங்கக் கடலிலோ கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகளின் நன்னீர், எடை குறைந்ததால் மேலே ஆடைபோல் படிகிறது. இதனால் அடிநீர் எளிதில் மேலே வராது, வெப்பம் நீடிக்கும், புயல் வலுப்பெற வாய்ப்பு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை மறக்க இயலாது. வேரூன்றிய மரத்தை நகர்த்த முடியாது. ஆனால் எச்சரிக்கை கிடைத்தவுடன்,

1. மேலுரமும் மருந்துத் தெளிப்பும் தள்ளிப் போடுங்கள்.
2. வடிகால்களைத் தூர்வாரித் திறந்து வையுங்கள்.
3. முற்றிய கதிரை அறுத்துக் களம் சேருங்கள்.
4. தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த அடிமட்டைகளையும் இறக்குங்கள்.
5. வாழைக்கு முட்டுக் கொடுங்கள்.

மிதவையின் நிழலில் மீன் கூடுவதால் சில படகுகள் அதில் கயிறு கட்டுகின்றன, கருவிகள் சேதமாகின்றன. கடலுக்குச் செல்லும் உறவினர் இருந்தால், அந்த மிதவை நம் வயலுக்கும் காவல் என்று எடுத்துச் சொல்லுங்கள்.