பந்தயத்தை ஏற்பதா, விடுவதா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பெயரைத் தாங்கிய 'ஹோல்டெம்' போக்கரில், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள். மேசையில் பொதுவாக 5 சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். வரம்பில்லா ஆட்டத்தில் கையிருப்பு முழுவதையும் பந்தயமாக வைக்கலாம்.

கையில் இரண்டு இஸ்பேட். மேசையில் திறந்துள்ள நான்கிலும் இரண்டு இஸ்பேட். கடைசிச் சீட்டும் இஸ்பேட் ஆனால் வெற்றி. இல்லையேல் தோல்வி எனக் கொள்வோம். நடுவே 100 டாலர் இருக்கிறது. எதிராளி தம் கடைசி 100 டாலரையும் வைக்கிறார். ஈடாக 100 வைத்து ஏற்கலாமா?

காணாத சீட்டுகள் 52 − 6 = 46. அவற்றுள் இஸ்பேட் 13 − 4 = 9. எனவே 46 முறை ஏற்றால், சராசரியாக 9 முறை 200 வீதம் 1,800 டாலர் வரவு. 37 முறை 100 வீதம் 3,700 இழப்பு. ஏற்கலாகாது!

எதிராளியிடம் எஞ்சிய பந்தயம் 25 டாலர்தான் என்றால்? வரவு 9 × 125 = 1,125; இழப்பு 37 × 25 = 925. ஏற்பதே சரி. வாய்ப்பு மாறவில்லை, அதற்குக் கொடுக்கும் விலைதான் மாறியது. இச்சராசரியைக் கணிதம் 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்கிறது. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இக்கருத்து முளைவிட்டது.

சரியாக முடிவெடுத்தவரும் ஒரு முறை தோற்கலாம். ஒரு விளைவைக்கொண்டு முடிவை எடைபோடலாகாது. ஆனால், சூதாட்ட விடுதி தன் பங்கை எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரின் கூட்டுக் கணக்கும் நட்டமே!

பயிற்சி: நடுவே 100 டாலர் இருக்கையில் எத்தனை டாலர் பந்தயம் வரை ஏற்கலாம்?
(விடை: 32)