டீசல் இறைப்பு இயந்திரமும் எண்ணெய்த் தூய்மையும்

வெங்காயம் குமிழ் பிடிக்கும் வேளையில் இறைப்பு இயந்திரம் நின்றுவிட்டாற் பயிர் வாடும். அவ்வாறு நின்ற இயந்திரங்களைத் திறந்து பார்த்தபோது குற்றம் பெரும்பாலும் எண்ணெயிலேயே இருந்தது.

டீசலினும் நீர் பாரமானது. ஆகவே அது தாங்கியின் அடியில் தங்கி, எரிபொருட்பம்பியின் நுண்ணிய பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். பீப்பாவை உருட்டிவந்த அன்றே எண்ணெய் எடுத்தலாகாது. ஓரிரவாவது அசையாது வைத்து, மேற்பகுதியிலிருந்து எடுத்து, நுண்வலைப் புனல் வழியாக ஊற்றுக. துணியால் வடித்தல் வேண்டாம். நூற்பிசிர் வடிகட்டியை அடைக்கும். மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பி வைக்க. குறைந்த தாங்கியில் இரவுக் குளிரால் ஈரம் நீராய்ப் படியும். வாரமொருமுறை அடித்திருகைத் தளர்த்தி, சிறிது எண்ணெயைப் பேணியொன்றில் வடித்துவிடுக. அச்சிறு இழப்புக்கு வருந்துவோர் புதிய எரிபொருட்பம்பியின் விலையை விசாரித்துப் பார்ப்பாராக!

கரும்புகை எழுமாயின் முதலிற் காற்றுவடிகட்டியைச் சோதிக்க. செம்மண் தூசி அதனை விரைவில் அடைத்துவிடும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் இயந்திரத்தையே கிணற்றுள் இறக்குவோர் உளர். உறிஞ்சுகுழாய் ஏறக்குறைய 25 அடிக்கு மேல் நீரை ஏற்றாதென்பது உண்மையே. ஆயினும் கிணற்றுள் தேங்கும் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்ற நஞ்சு. இறங்கியவரைக் கொல்லும், அவரைத் தூக்க இறங்குபவரையும் கொல்லும். நீரிறைக்கும் பம்பியை மட்டும் உள்ளே தாழ்த்தி நிறுத்தி, இயந்திரத்தை மேலே வைத்து வார்ப்பட்டியால் இயக்குக.